சங்கத்துப் பிக்கப் வண்டியும் அதன் குலுக்கலும்

முன்னாளில் நம் ஊர்களில் வண்டிகள் இரு வகையாக இருந்தன. மக்கள் ஏறிச் செல்வதற்கு வில்வண்டி. நெல் மூட்டையும் பருத்திப் பொதியும் ஏற்றுவதற்குப் பாரவண்டி. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் எவரும் எதிர்பார்த்ததில்லை. 2005ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் வெளிவந்து ‘குட்டி யானை’ எனப் பெயர் பெற்றது முதல், சிற்றூர்ப் பாதைகளிலும் சிறு சரக்கு வண்டிகளும் பிக்கப் வண்டிகளும் பெருகின. இவை மேற்சொன்ன இரு வேலைகளையும் ஒருங்கே செய்ய வேண்டியிருக்கின்றன. பின்தட்டில் சரக்கு, முன்னே ஓட்டுநரும் உடன் செல்லும் அங்கத்தினரும். பாரம் சுமப்பதற்கென்று செய்யப்பட்ட வில்லின்மேல் மனிதன் அமர்ந்து செல்கிறான். வண்டி தூக்கிப் போடுகிறது என்று நம் அங்கத்தினர் சொல்லும் முறையீடு இதிலிருந்தே பிறக்கிறது.

இதனைச் சிறு குறை என்று தள்ளுதல் தகாது. குலுக்கத்தால் தக்காளி நசுங்குகிறது. வாழைத்தாரின் தோல் கறுக்கிறது. பொழுது விடியுமுன் புறப்பட்டுப் பொழுது சாயத் திரும்பும் ஓட்டுநரின் இடுப்பும் முதுகும் நாளடைவில் பழுதடைகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டிலேயே இதற்கென விதி செய்தது. 8 மணி நேர வேலை நாளில் உடல் முழுவதும் தாங்கும் அதிர்வு, முடுக்க அளவில் 0.5ஐ எட்டினால் வேலை கொடுப்போர் தடுப்பு முறைகளை மேற்கொள்ள வேண்டும், 1.15ஐ ஒருபோதும் கடத்தலாகாது என்பது அவ்விதி. நம் சங்கத்து ஓட்டுநரின் முதுகும் அதே எலும்பும் தசையும் கொண்டதே. ஆகவே இது நிர்வாகக் குழு கருத வேண்டிய பொருளாகும்.

வெறும் வண்டி ஏன் கடுமை?

பாரம் ஏற்றிய வண்டி இதமாகச் செல்வதையும், அதே வண்டி அதே சாலையில் வெறுமனே திரும்புகையில் எலும்பை உலுக்குவதையும் ஓட்டுநர் அனைவரும் அறிவர். இதற்குக் காரணம் எளிய கணக்கில் அடங்கியுள்ளது. மேலுள்ள பாரத்தால் வில் எத்தனை சென்டிமீட்டர் தாழ்கிறது என்று காண வேண்டும். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 300ஐ வகுத்தால், வண்டி நிமிடத்திற்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது ஏறத்தாழக் கிடைக்கும்.

வெறும் வண்டியில் பின் வில் 4 சென்டிமீட்டர் தாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4இன் வர்க்கமூலம் 2. ஆட்டம் நிமிடத்திற்கு 150. சரக்கு ஏற்றியபின் அதே வில் 16 சென்டிமீட்டர் தாழ்ந்தால், ஆட்டம் 75 ஆகக் குறையும். நிமிடத்திற்கு 60 முதல் 90 வரையுள்ள ஆட்டம் உடம்புக்கு இதமானது. அதற்கு மேற்பட்ட விரைந்த ஆட்டமே நம்மை உலுக்குகிறது. பாரத்திற்கென்று வைத்த வில்லுக்குப் பாரம் இல்லாதபோது அது வில்லாகவே வேலை செய்வதில்லை. வண்டியில் பழுது ஏதும் இல்லாவிடினும் இந்தக் கடுமை இருந்தே தீரும். பழுதும் சேர்ந்தால் அது பன்மடங்காகும். பழுதை நீக்குவது பட்டறையின் வேலை. வெறும் ஓட்டத்தைக் குறைப்பது சங்கத்தின் வேலை. இரண்டையும் முறையே ஆராய்வோம்.

டயரே முதல் வில்

இரும்புப் பட்டா போட்ட கட்டைச் சக்கரம் போய் டயர் வண்டி வந்தபோது மாடும் மனிதரும் அடைந்த ஆறுதலை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்குக் காற்றடைத்த டயரைப் பொருத்தியதும் குலுக்கலைக் குறைப்பதற்காகவே. காற்றே இங்கு வில்லாகிறது. அக்காற்று மிகுந்தால் டயர் கல்லாகும்; குறைந்தால் டயர் சூடேறி வெடிக்கும்.

எத்தனை பவுண்டு காற்று வேண்டும் என்பது ஓட்டுநரின் கதவை ஒட்டிய சட்டத்திலோ கைப்புத்தகத்திலோ குறிக்கப்பட்டிருக்கும். பல வண்டிகளில் பின் சக்கரத்திற்கு வெறும் வண்டிக்கு ஓர் அளவும் முழுப் பாரத்திற்கு வேறோர் அளவும் உண்டு. ஆயினும் முழுப் பாரத்திற்குரிய காற்றையே ஆண்டு முழுவதும் வைத்து ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. காலையில், டயர் சூடேறுமுன், சங்கத்திற்கென்று வாங்கி வைத்த சிறு அளவு மானியால் வாரம் ஒருமுறை பார்த்தல் வேண்டும். குறித்த அளவிற்குக் கீழே இதத்திற்காகக் காற்றை இறக்குதல் கூடாது. பாரம் ஏற்றுமுன் மீண்டும் உரிய அளவிற்கு ஏற்றவும் மறத்தலாகாது. இதற்குச் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை; பயனோ முதற்பயன்.

பட்டையைக் கழற்றலாமா?

பின் அச்சின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளே வண்டியின் வில். வண்டி ஏறி இறங்கும்போது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். சேறும் துருவும் இடையில் இறுகிவிட்டால் அவை வழுக்காமல் ஒரே கட்டையாக நிற்கும். சிறு கற்களின் அடிகூட நேரே மேலேறும். ஆகவே மழைக்காலம் கழிந்ததும் பட்டைகளைக் கழுவித் துப்புரவு செய்வதும், ஊசிகளுக்குத் தவணை தவறாமல் கிரீஸ் வைப்பதும், தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றுவதும், யூ போல்ட்டுகளை உரிய அளவில் முறுக்குவதும் இன்றியமையாதன.

சிலர் இதத்தை நாடி ஒரு பட்டையைக் கழற்றி விடுகின்றனர். வெறும் வண்டிக்கு அது நன்றாகவே தோன்றும். பாரம் ஏறியதும் எஞ்சிய பட்டைகள் மிகுந்த சுமையைத் தாங்கி ஒருநாள் முறியும். அச்சு ரப்பர் கட்டையில் மோதும். விளக்கின் ஒளி எதிரில் வருவோர் கண்ணில் பாயும். பின் வில்லின் உயரத்தைக் கொண்டே பின் பிரேக்கின் வலிமையை அளக்கும் கருவியுள்ள வண்டிகளில் பிரேக்கும் நிலைமாறும். வேறு சிலரோ மிகுபாரம் ஏற்றுவதற்காக ஒரு பட்டையைக் கூட்டுகின்றனர். அவ்வண்டி வெறுமனே ஓடும் நாளெல்லாம் ஓட்டுநருக்குத் தண்டனையே. பதிவில் உள்ள நிலைக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடை செய்கிறது. மிகுபாரத்திற்கு 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது.

முறிந்த பட்டையிலிருந்து கொல்லர் நல்ல அரிவாள் அடித்துக் கொடுப்பார். அப்பட்டைக்கு அதுவே தக்க முடிவு. தளர்ந்த பட்டையை முறையான வெப்பப் பதம் இன்றி அடித்து வளைத்து மீண்டும் மாட்டினால் அது விரைவில் பழையபடி தாழும்.

ஆட்டத்தை அடக்குவது எது?

வில் அடியைத் தாங்கும், ஆட்டத்தை நிறுத்தாது. நிறுத்துவது ஷாக் அப்சார்பரின் வேலை. குழாய்க்குள் உள்ள எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிழிந்து, ஆட்டத்தின் வேகத்தை அது வெப்பமாக மாற்றுகிறது. எண்ணெய் கசிந்து குழாய் நனைந்திருத்தல், ஒரு மேட்டைக் கடந்தபின்னும் வண்டி இரண்டு மூன்று முறை ஆடிக்கொண்டிருத்தல், டயரின் பரப்பு குழி குழியாகத் தேய்தல் ஆகியவை அது ஓய்ந்ததற்கு அடையாளங்கள். மாற்றும்போது ஓர் அச்சின் இருபுறமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒருபுறம் புதியதும் மறுபுறம் பழையதுமாக இருந்தால் வண்டி கோணலாக ஆடும்.

ஏற்றும் முறையும் இருக்கையும்

கனத்த பெட்டிகள் அடியிலும், பின் அச்சுக்குச் சற்று முன்னாகவும் இருத்தல் வேண்டும். அச்சுக்குப் பின்னே பாரம் குவிந்தால் முன் சக்கரம் இலேசாகி வண்டி முன்னும் பின்னும் ஊஞ்சலாடும். அடுக்கின் உச்சியில் உள்ள பெட்டியே மிகுதியாகக் குலுங்குவதால் மென்மையான காய்களை அங்கே வைத்தலாகாது. கட்டாத பெட்டி ஒவ்வொரு பள்ளத்திலும் எழும்பி விழும். நூல் மூட்டையையும் பாவு உருளையையும்கூட உருளாமல் கட்டையிட்டு இறுக்குதல் நலம். சரக்குத் தட்டில் ஆட்களை ஏற்றிச் செல்வது உயிருக்கும் கேடு, சட்டத்துக்கும் மாறு.

இயந்திரத்தின்மேல் இருக்கை அமைந்த சிறு வண்டிகளில் ஓட்டுநர் முன் அச்சுக்கு நேர் மேலே அமர்கிறார்; அச்சு வாங்கும் அடி நேராக அவரைச் சேர்கிறது. அழுந்திப் போன இருக்கைப் பஞ்சை மாற்றி, இடுப்புக்கு ஆதாரம் வைத்துக் கொடுப்பது வண்டியின் மற்றப் பழுதுகளை நோக்கச் சிறு செலவு. நெடுந்தூரம் ஓட்டி வந்தவர் இறங்கியவுடன் மூட்டை தூக்கலாகாது. அதிர்வில் களைத்த முதுகுத் தசை அப்போது எளிதில் பிடித்துக்கொள்ளும். சில நிமிடம் நடந்தபின் தூக்குவதே முறை. அவ்வேலைக்கு வேறோர் ஆளை வைத்துக்கொண்டால் இன்னும் நன்று.

வேகமும் நம் கையில் உள்ளது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையது. அதுவும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கே. நம் ஊர்களில் காணும் வேகத்தடைகள் பல இதனினும் குறுகிச் செங்குத்தாக உள்ளன. புறப்படும் நேரத்தைக் கால் மணி முன்னதாக வைத்தால் ஓட்டுநர் விரைய வேண்டிய கட்டாயம் நீங்கும்.

சங்கத்தால் ஆகும் காரியம்

இவ்வளவும் செய்தபின்னும் வெறும் வண்டி ஓரளவு கடுமையாகவே இருக்கும். அதற்குத் தனி உரிமையாளர் மணல் மூட்டை ஏற்றிக்கொள்வது உண்டு. பயனற்ற பாரத்திற்கு எரிபொருள் செலவிடும் வழி அது. கூட்டுறவாளராகிய நமக்கு அதனினும் நல்ல வழி உண்டு. விளைவோர் சங்கத்தின் வண்டி காலையில் காய்கறியை நகரத்துச் சந்தைக்குக் கொண்டு சென்று வெறுமனே திரும்புகிறது. நெசவாளர் சங்கத்திற்கோ அதே நகரத்திலிருந்து நூலும் சாயமும் வர வேண்டியிருக்கிறது. அதற்கென வேறொரு வண்டி அங்கே வெறுமனே போகிறது. இரு சங்கங்களும் கலந்து பேசி ஒரே வண்டியில் இரு வழியும் சரக்கு வைத்தால், வாடகை மிஞ்சும். வில்லுக்கு உரிய பாரமும் கிடைக்கும். ஓட்டுநரின் முதுகும் பிழைக்கும். நூல் ஏற்றுமுன் தட்டைக் கழுவி உலர்த்தித் தார்ப்பாய் விரித்துக்கொள்வது மட்டுமே இதில் கவனிக்கத்தக்கது.

புதிய வண்டி வாங்க எண்ணும் சங்கங்களுக்கும் ஒரு சொல். விற்பனையாளர் நகரத்தின் நல்ல சாலையில் ஓட்டிக் காட்டுவதைக் கொண்டு முடிவு செய்யலாகாது. பாரமில்லாத வண்டியை நம் ஊர்ப் பாதையில், அதனை நாளும் ஓட்டப் போகிறவரைக் கொண்டே ஓட்டிப் பார்க்க வேண்டும். சில பட்டைகளே கொண்டு, அவை நுனியில் மட்டும் தொடும்படி அமைந்த பரவளைய வில்லில் உராய்வு குறைவு. சிறு அடிகளை அது நன்கு வாங்கும். முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு உள்ளதா என்பதையும் கேட்டறிதல் நன்று.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் காரியதரிசிகள் வண்டியின் குறிப்பேட்டை மேசைமேல் வைப்பார்களாக. காற்றுப் பார்த்த நாள், கிரீஸ் வைத்த நாள், வெறுமனே ஓடிய கிலோமீட்டர் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஓட்டுநரையும் கூட்டத்திற்கு அழைத்து, எந்த இடத்தில் எவ்வாறு தூக்கிப் போடுகிறது என்று அவர் வாயாலேயே கேட்க வேண்டும். பட்டறைக்காரர் ஒரு நாளில் காண்பதை அவர் நாள்தோறும் தம் உடம்பில் காண்கிறார்.