பெயர் அறியா முகங்கள்

ஹைதராபாத்தின் காஞ்சன்பாக் பகுதியில் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடங்களும் உலோக ஆலையும் எழுந்தபின், பணியின் பொருட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வந்து சேர்ந்தன. அவர்கள் கொண்டுவந்த தகரப் பெட்டிகளில் பாத்திரங்களோடு புகைப்படங்களும் இருந்தன. ஓய்வுபெற்று வீட்டைக் காலி செய்யும் நாளில் பாத்திரம் எடைக்குப் போகிறது. படம் பழைய காகிதத்தோடு போகிறது. சட்டம் போட்ட படமாயின், சட்டத்திற்கு விலை உண்டு. உள்ளிருக்கும் முகத்தை விலைக்குக் கேட்பார் அரியர்.

இவ்வாறு தெருவுக்கு வந்த அயலார் படங்களைத் தேடி எடுத்து, கணிப்பொறியில் பதிந்து காப்பது இன்று பல நாடுகளில் ஒரு தொண்டாகவே வளர்ந்திருக்கிறது. பீகிங் நகரில், வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக உருக்கவிருந்த நெகட்டிவ் சுருள்களை 2009 முதல் எடைபோட்டு வாங்கிய தாமஸ் சோவேன் என்னும் பிரெஞ்சுக்காரர், ஐந்து லட்சத்திற்கு மேற்பட்ட படங்களை மீட்டார். பெரும்பாலும் எளிய குடும்பங்களின் சுற்றுலாவும் திருமணமுமே அவற்றில் இருந்தன.

ஹைதராபாத்திற்கும் இதில் ஒரு பெருமை உண்டு. ஆறாம் நிஜாமின் அவைப் புகைப்படக்காரராக விளங்கி 1905-இல் மறைந்த ராஜா தீன் தயாள், செகந்திராபாத்தில் ஸ்டூடியோ நடத்தியவர். அவருடைய கண்ணாடித் தகடுகளில் 2,857-ஐ, 1989-இல், டில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் அவர் குடும்பத்தாரிடமிருந்து பெற்றது. அரசவைப் படக்காரரின் தகடுகளுக்கு இந்தப் பேறு வாய்த்தது. சிற்றூர் ஸ்டூடியோக்காரரின் தகடுகளுக்கு யார் கதி? தமிழ்நாட்டில் அந்தப் பணியை 2010-களில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்கொண்டது. பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, பழைய ஸ்டூடியோக்களையும் வீடுகளையும் நாடி, அங்கிருந்த படங்களை மின்பதிவு செய்தது.

படம் அழிவதற்குக் காரணங்கள் பல. வெள்ளி உப்பைத் தாங்கி நிற்பது ஜெலாட்டின் என்னும் பசை; ஈரக் காற்று பட்டால் அதில் பூஞ்சணம் பிடிக்கும். உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்று இன்று மூடிக் கிடக்கும் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ சுருளை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அக்காலத்து அசிட்டேட் சுருள், நாளடைவில் சிதைந்து காடி நாற்றம் வீசத் தொடங்கும். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். ஆகையால் நாற்றமடிப்பதை உடனே பிரித்து வைத்தல் வேண்டும். வண்ண ஸ்லைடுகளில் நீலச் சாயம் முந்தி வெளிறுவதால் படம் முழுதும் செம்மை படர்ந்துவிடுவதுண்டு. கோடக்ரோம் வகை மட்டும் இருளில் வைத்தால் நெடுங்காலம் நிறம் மாறாது. திரையில் அடிக்கடி காட்டினால் அதுவும் மங்கும்.

பழைய படங்கள் கைக்கு வந்தவுடன் துடைக்கத் தோன்றும். நீரால் துடைத்தல் கூடவே கூடாது. மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடே பதிவு செய்யலாம். ஸ்லைடைப் பதியும்போது பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. அதன் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர்தான். அங்குலத்திற்கு 300 புள்ளி என்று ஸ்கேன் செய்தால், அகலத்தில் 425 புள்ளிகளே கிடைக்கும், முகம் தெரியாது. 3,000 புள்ளி வைத்தால் அகலம் நாலாயிரத்தைத் தாண்டும். புடவைக் கரையும் தெரியும். அச்சுப் படத்திற்கு 600 போதும். மூலத்தையோ எறிந்துவிடக்கூடாது, மின்பதிவும் அழியக்கூடியதே.

இவ்வளவும் செய்தாலும், பெயர் கிடைப்பது அரிது. ஸ்டூடியோக்காரர் நெகட்டிவில் எண்ணை எழுதி, பெயரைத் தம் பேரேட்டில் எழுதினார். பேரேடு கறையானுக்கு இரையானால் எண் மட்டும் மிஞ்சும். ஆதலின் படத்தின் பின்புறத்தையும் பதிவு செய்க. ஸ்டூடியோ முத்திரை, ஊர்ப் பெயர், மங்கிய பென்சில் எழுத்து யாவும் வழிகாட்டும். ஊகித்த பெயரை உண்மைபோல் எழுதுதல் தகாது; ஐயக்குறி இட்டு எழுதலாம். அயலார் வீட்டுக் குழந்தைகளின் படத்தையும், இறந்தாரை அமர்த்தி எடுத்த படத்தையும் உரியவர் இசைவின்றி ஊரறியப் பரப்புவது நமக்கு உடன்பாடன்று.

நம் வீட்டுப் படங்களிலேயே பாதிக்குப் பெயர் தெரியாதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஹைதராபாத்திலும் புனேயிலும் பிறந்த பேரப்பிள்ளைகளுக்குக் கும்பகோணத்துப் பெரிய பாட்டி அயலாரே. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்பவர்கள் ஒரு மென்மையான பென்சிலை எடுத்துச் செல்லட்டும். வீட்டில் மூத்தவரை உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல, படத்தின் பின்புற ஓரத்தில் அழுத்தாமல் எழுதிவரலாம். மை ஊறும், பென்சில் ஊறாது.