குடிபெயர்ந்தோர் கைச்செல்வம்: கூத்தும் படமும் உணவும்

மக்கள் ஊர் விட்டு ஊர் பெயருங்கால் உடன் கொண்டு செல்லும் பொருள்கள் இருவகைப்படும். மூட்டையிற் கட்டிக்கொண்டு செல்வன ஒருவகை. நாவிலும் செவியிலும் நெஞ்சிலும் வைத்துக்கொண்டு செல்வன மற்றொரு வகை. முன்னையவை ஓரிரு ஆண்டுகளிலே தேய்ந்து தீர்ந்துவிடும். பின்னையவையோ நான்கு தலைமுறை கழிந்தும் அழியாது நிற்கும். கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர்கள் இவ்வுண்மையை நன்கு அறிவர். பனி பெய்யும் நகரொன்றிலே தைப்பொங்கலுக்குப் பச்சரிசி தேடி அலைந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இப்பொருளைப் பற்றி எழுத என்னைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பத்தாந்தர வகுப்பிலே நாட்டார் கலைகள் பற்றிப் பாடம் நடந்தது. காமன் கூத்தைக் கண்டவர் எவரென வினவினேன். ஏறக்குறைய எல்லாரும் கையுயர்த்தினர். அதில் ஆடியவர் எவரென வினவினேன். ஒரு கையும் உயரவில்லை. வகுப்பு முடிந்தபின் மாணவன் ஒருவன் தனியே வந்து, “சேர், போன வருஷம் நான்தான் ரதி வேஷம் கட்டினேன். வகுப்பில சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க” என்றான். அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. அவன் வெட்கியது தன் வேடத்தைப் பற்றியன்று. தன் பாட்டனார் கொண்டுவந்த செல்வத்தைப் பற்றியே. அவ்வெட்கத்தை அவனுக்குக் கற்பித்தவர் யார்? நாமும் அவருள் ஒருவரோ?

இவ்வினாவிற்கு விடை தேடுமுன், நம்மைப் போன்றே கூலி வேலைக்காகக் கடல் கடந்த மற்றொரு மக்களின் வரலாற்றை ஒப்புநோக்குதல் நலம். ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலே லொஸ் ஏஞ்சல்ஸ் என்னும் பெருநகர் உளது. அதன் நடுவே ‘லிட்டில் டோக்கியோ’, அஃதாவது ‘சிறிய டோக்கியோ’ எனப் பெயர் பெற்ற வட்டாரம் ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இருப்புப்பாதை வேலைக்கும் பண்ணை வேலைக்கும் சென்ற ஜப்பானியர் அங்கே குடியேறினர். அவர்க்கு முன் சென்ற சீனரை 1882-ஆம் ஆண்டுச் சட்டம் வாயிலிலேயே தடுத்தது. அச்சட்டம் 1943-இல்தான் நீக்கப்பட்டது. ஜப்பானியருள் முதல் தலைமுறையினர் எத்தனை ஆண்டு அங்கு உழைத்தாலும் 1952 வரை அமெரிக்கக் குடிமக்களாகப் பதிவு பெற இயலவில்லை. அம்மண்ணிற் பிறந்த அவர்தம் பிள்ளைகள் மட்டுமே குடியுரிமை உடையராயினர்.

இனி நம் மலைநாட்டை நோக்குவாம். 1820-களில் கோப்பிச் செய்கைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் வந்தனர். கோப்பியை நோய் அழித்தபின் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அத்தோட்டங்களை வளர்த்த மக்களுக்கு 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாட்டுரிமையை மறுத்தது. முந்திய ஆண்டு நடந்த பொதுத்தேர்தலிலே தலவாக்கலைத் தொகுதியிற் சி. வி. வேலுப்பிள்ளை முதலாக இலங்கை இந்தியக் காங்கிரசார் எழுவர் பாராளுமன்றம் சென்றிருந்தனர். அம்மக்களே அடுத்து வாக்கிழந்தனர். 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியரெனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றி 1974-இல் தனியே முடிவு செய்யப்பட்டது. நாடற்றோர் நிலைக்கு முற்றுப்புள்ளி வைத்த சட்டம் 2003-இலே நிறைவேறிற்று.

இவ்விரு மக்களிடமும் உரிமைப் பத்திரம் இல்லாத காலத்திலே மூன்று பொருள்கள் இருந்தன: விழா, படம், உணவு. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, உணவு. லிட்டில் டோக்கியோவில் 1903-ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஃபுகெட்சு-டோ’ என்னும் இனிப்புக் கடை, பசையுள்ள அரிசி மாவினாற் செய்யும் ‘மோச்சி’யை இன்றும் விற்று வருகின்றது. பழைய பண்டத்தைக் காத்ததோடு அவர் நிற்கவில்லை, புதியதையும் ஆக்கினர். கடற்பாசியிற் சுருட்டிய சோற்றிலே டூனா மீனின் கொழுப்புக்கு ஈடாக ஆனைக்கொய்யாவை வைத்து 1960-களில் ஆக்கிய சுருள் அவ்வட்டாரத்திலேயே பிறந்ததென்பர் பலர். பாசியைக் கண்டு முகஞ்சுளித்த அமெரிக்கர்க்காக அதனை உட்புறம் மறைத்துச் சுருட்டினராம். அச்சுருள் இன்று ‘கலிபோர்னியா ரோல்’ என உலகெங்கும் செல்கின்றது.

நம் லயங்களின் உணவும் இத்தகையதே. கோதுமை விளையாத இந்நாட்டிலே கோதுமை மா ரொட்டி தோட்ட மக்களின் அன்றாட உணவானது எங்ஙனம்? 1942-இல் பர்மா ஜப்பானியப் படைகளிடம் வீழ்ந்தது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டிலே கோதுமை மா வந்தது. சோற்றுக்கு மாற்றாக வந்த மாவைத் தேங்காய்ப்பூவுடன் பிசைந்து, தட்டி, சுட்டு, சம்பலுடன் உண்ணக் கற்றது நம் தாய்மாரின் கைத்திறன். மலையேறிக் கொழுந்து பறிப்பார்க்கு நெடுநேரம் பசி தாங்கும் உணவு அது. அதனுடன் அருந்தும் சாயத் தண்ணியின் கதையோ இன்னும் நீண்டது. ‘தேயிலை’ என்னும் சொல்லின் முற்பகுதியாகிய ‘தே’, சீனத்தின் ஃபூஜியன் கரையோர வழக்கிலிருந்து வணிகர் வாய்வழி வந்த சொல். ‘சாயா’ என்பதோ அதே சீனத்தின் மற்றொரு வழக்காகிய ‘சா’விலிருந்து தரைவழியே வந்தது. சொல்லுக்குச் சீனம், மாவுக்கு மேலைநாடு, சம்பலுக்கு ஈழம், கைக்குத் தமிழகம்! ஹற்றன் நகரத் தேநீர்க் கடையிலே ‘சைனீஸ் ரோல்ஸ்’ எனக் கேட்டு வாங்கி உண்கின்றோமே, அதனைச் சீனர் கண்டால் தம்முடையதென அறியார். ஆயினும் சுவையிற் குறைவில்லை.

இரண்டாவது, படம். பேசாப்பட நாள்களில் ஜப்பானியத் திரையரங்குகளிலே ‘பென்ஷி’ எனப்படும் உரையாளர் திரையருகே நின்று கதையைச் சொல்லி, எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் கொடுப்பார். லொஸ் ஏஞ்சல்ஸிலும் அவர் இருந்தனர். தாய்மொழி கேட்கவே மக்கள் அரங்குக்குச் சென்றனர். பின்னர் 1951-இல் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமன்’ வெனிஸ் விழாவிலே முதற்பரிசு பெற்றது. 1960-இல் ‘டோஹோ’ என்னும் ஜப்பானிய நிறுவனம் அந்நகரிலே தனக்கென ஓர் அரங்கைக் கொண்டது. தம்மவர் மட்டும் கண்டவற்றை அயலாரும் காணலாயினர்.

நம்மவர்க்குத் தென்னிந்தியப் படங்கள் கிட்டின. அவற்றிலே தமிழ் இருந்தது. ஆயின் நம் மலை இல்லை, லயம் இல்லை, பெரட்டு இல்லை. அக்குறையைச் சிறிது போக்கியது 1963-இல் வெளிவந்த ‘தோட்டக்காரி’. ஈழத்துத் தமிழ்த் திரைப்பட வரலாற்றின் தொடக்க முயற்சிகளுள் அது ஒன்று. 1972-இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தோன்றியபின் உள்நாட்டுப் படங்களுக்கு இடம் விரிந்தது. 1975-இல் தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் ‘புதிய காற்று’ என்னும் படத்தைத் தந்தார். தோட்டத் தொழிலாளர் வாழ்வைத் தோட்டத் தொழிலாளர்க்காகப் போராடியவரே திரையில் வைத்தது குறிப்பிடத்தக்கது. தமிழகத்திலும் தேயிலைக் காட்டின் துயரை 2013-இல் பாலாவின் ‘பரதேசி’ காட்டிற்று. எனினும் நம் மலைநாட்டைப் பற்றிய படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இத்துறையில் நம் மாணவர் செய்யவேண்டியது மிகுதி.

மூன்றாவதும் தலையாயதும் விழா. 1934-இல் லிட்டில் டோக்கியோவிலே ‘நிசேய் வாரம்’ என்னும் விழா தொடங்கிற்று. ‘நிசேய்’ என்பது இரண்டாந் தலைமுறையினரைக் குறிக்கும் ஜப்பானியச் சொல். பொருளாதார மந்தத்தால் வட்டாரத்துக் கடைகள் வாடிய காலம் அது. இளைஞரைக் கடைத்தெருவுக்கு ஈர்க்கவும் அயலார்க்குத் தம்மை அறிமுகம் செய்யவும் அவ்விளைஞரே முன்னின்று விழாவை நடத்தினர். முதியோரும் சிறாரும் வரிசையாய்த் தெருவிலே ‘ஒண்டோ’ ஆடிச் சென்றனர். எட்டு ஆண்டுகூட நிறையுமுன் 1942 வந்தது. எந்தப் போர் பர்மாவின் அரிசியை நம் லயங்களுக்கு வாராமல் தடுத்ததோ, அதே போர் மேற்குக் கரை ஜப்பானியர் ஏறக்குறைய 120,000 பேரை வீடு கடையை விட்டு முள்வேலி முகாம்களுக்கு அனுப்பியது. அவருள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். கடைகள் மூடின, விழா நின்றது. முகாமினின்று மீண்டோர் 1949-இல் மீண்டும் அதே தெருவில் ஆடினர். செய்தது பிழையென அரசு சட்டத்தின் வாயிலாக வருத்தம் தெரிவித்தது 1988-இலே. ஆட்டம் அதற்கு முப்பத்தொன்பது ஆண்டு முந்தியே தொடங்கிவிட்டது.

இவ்விடத்திற்றான் நம் காமன் கூத்து நினைவுக்கு வருகின்றது. மாசித் திங்களிலே அமாவாசை கழிந்து பிறை கண்டபின் காமன் பொட்டலிற் கம்பம் நாட்டப்படும். தவத்தில் இருக்கும் சிவபெருமானின் தவத்தைக் கலைக்குமாறு தேவர்கள் மன்மதனை ஏவுவர். தீக்கனாக் கண்ட ரதி, போகவேண்டாமெனத் தடுப்பாள். அவன் கேளாது செல்வான், மலர்க்கணை எய்வான், நெற்றிக்கண்ணில் எரிவான். ரதி புலம்புவாள். பின்னர் அவன் எழுவான். ஆயின் அவள் கண்ணுக்கு மட்டுமே தோன்றுவான். மேடையும் திரையும் இன்றித் தப்பொலி ஒன்றையே துணையாகக் கொண்டு, தோட்டம் முழுதையும் அரங்காக்கி ஆடுவது இக்கூத்து. அர்ச்சுனன் தபசில் வேடதாரி உயர்ந்த மரத்தில் ஏறிப் பாடுவதும், பொன்னர் சங்கர் கதையிற் படுகளம் விழுவதும் இதற்கு உறவான கலைகளே.

இக்கதை நம் மக்களை ஏன் இவ்வளவு பற்றிக்கொண்டது? புராணம் என்பதால் மட்டுமென நான் கருதவில்லை. மேலிடத்து ஏவலுக்குப் பணிந்து ஒருவன் புறப்படுகின்றான், மனையாள் தடுக்கின்றாள், போனவன் மீண்டு வருவானோ என்னும் ஏக்கம் எஞ்சுகின்றது. கங்காணி சொற்கேட்டுக் கடல் கடந்தவன் வீட்டிலும் இதுவே நடந்தது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகைவண்டியை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என அழைத்தனர். ஒரே குடும்பத்தில் ஒருவர் ஏறினார்; மற்றவர் மேடையில் நின்றார். ரதியின் புலம்பலைக் கேட்டவர் தம் வீட்டுப் புலம்பலையே அதிற் கேட்டனர் எனலாம். எரிந்தவன் எழுவான் என்னும் முடிவும் அவர்க்கு வேண்டியிருந்தது.

அத்தகைய கூத்தை ஆடியவனே வகுப்பில் வெட்கி நிற்கின்றான். இளைஞர் பலர் கொழும்பு சென்று கடைகளில் வேலை செய்கின்றனர். கம்பம் நாட்ட ஆள் போதாத தோட்டங்கள் உள. தப்பு அடித்தலைத் தாழ்வாக எண்ணும் பேதைமையும் நம்மிடம் நீங்கவில்லை. இவற்றோடு நம் பாடசாலைகளின் புறக்கணிப்பையும் சேர்த்தெண்ணுதல் நேர்மையாகும். பரிசளிப்பு விழாவுக்குப் பரதமும் வில்லுப்பாட்டும் பயிற்றுவிக்கும் நாம், வேலியின் அப்பாலிருக்கும் கூத்து வாத்தியாரை ஒருநாளேனும் அழைத்தோமா?

நிசேய் வாரம் நமக்குக் காட்டும் பாடம் ஒன்றே. முதியோர் காத்ததை இளையோர் தாமே எடுத்து, தெருவில் வைத்து, அயலாரையும் அழைத்தனர். அதனால் அது பிழைத்தது. நாமும் அதனைச் செய்தல் அரிதன்று. மாசி மாதம் மாணவர் குழுவொன்று தத்தம் தோட்டத்துக் காமன் பாடல்களைக் கேட்டெழுதலாம். கையிலுள்ள தொலைபேசியே ஒலிப்பதிவுக்குப் போதும். சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் இன்று நமக்கு நூலாகக் கிடைப்பது, அவர் அக்காலத்திற் செவி கொடுத்தமையாலன்றோ? கல்லூரியின் ஆண்டு விழாவிற் கூத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். சிங்கள, முஸ்லிம் நண்பரையும் அழைக்கலாம். பழைய மாணவர் சங்கம் கூத்து வாத்தியார்க்குப் பொன்னாடையோடு நில்லாது, பயிற்சிக்கு வேண்டிய செலவையும் ஏற்கலாம்.

2023-ஆம் ஆண்டு, நம் முன்னோர் வந்து இருநூறாண்டு நிறைந்ததை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் கால்நடையாய் வந்தனர். அவர் நடந்தது முன்னோர் நடந்த வழி. அவ்வழியிற் சுமந்து வந்தவற்றை நம் விழா மலரின் பக்கங்களில் மட்டும் அன்றி, நம் கல்லூரி முற்றத்திலும் காணல் வேண்டும்.

அம்மாணவனை மறுநாள் வகுப்பின்முன் அழைத்தேன். ரதி தீக்கனாக் கண்டு கணவனைத் தடுக்கும் பகுதியைப் பாடுக என்றேன். தயங்கினான், பின் பாடினான். முதலிரு அடிகளுக்குச் சிலர் சிரித்தனர். மூன்றாம் அடியிற் சிரிப்பு நின்றது. பாடி முடித்தபோது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், எங்க தோட்டத்துப் பாட்டு வேற மாதிரி, நான் சொல்லட்டுமா?” என்றான். அன்று பாடநூலைத் திறக்கவில்லை. ஆயினும் பாடம் நடந்தது.