காவடியில் ஒரு குழந்தை

கல்லூரி வளாகங்களிலே சிலைகள் இருப்பதுண்டு; அவற்றை நின்று பார்ப்பவர் அரியர். நாள்தோறும் ஒரு சிலையைக் கடந்து செல்லும் மாணவனிடம் அதைப் பற்றி அவன் கருத்து யாது என்று வினவினால், சிற்பியின் பெயரையும் ஆண்டையும் ஒப்பிப்பான். அவை செய்திகள், கருத்தாகா. கருத்து எவ்வாறு பிறக்கிறது என்பதை ஒரு சிற்பத்தைக் கொண்டே ஆராய்வோம்.

வங்கத்துச் சாந்திநிகேதனத்தில், தாகூர் நிறுவிய விசுவபாரதியின் கலாபவனத்தருகே, 'சந்தால் குடும்பம்' என்னும் சிற்பத் தொகுதி நிற்கிறது. 1938-இல் இதனை அமைத்தவர் ராம்கிங்கர் பைஜ். பாங்குராவில் 1906-இல் பிறந்து, 1925-இல் அங்கே மாணவராய்ச் சேர்ந்து, நந்தலால் போஸிடம் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியரானவர் அவர், 1980-இல் மறைந்தார்.

முதலில் கண்ணுக்குப் புலப்படுவதை மட்டும் சொல்லிப் பழகுங்கள். ஓர் ஆண் தோளில் காவடித்தண்டு சுமந்து நடக்கிறான். கூடையிலே ஒரு குழந்தை. உடன் மனைவி, தலையிலே சுமை. பக்கத்தில் ஒரு நாயும் நடக்கிறது. உருவங்கள் ஆளுயரத்தினும் பெரியவை. ஆயினும் பீடம் மிகத் தாழ்வானது. அந்நாளில் நம் நாட்டு நகரங்களிலே உயர்ந்த பீடங்களில் நின்றவர் பெரும்பாலும் மன்னரும் ஆளுநருமே. இவர்களோ நாம் நடக்கும் மண்ணிலேயே நடக்கிறார்கள்.

அடுத்து, எதனால் ஆயது என்று கேளுங்கள். பளிங்கன்று, வெண்கலமுமன்று. கம்பிகளாலான கூட்டின்மேல் சிமெண்டையும் செம்மண் நாட்டுச் சரளையையும் குழைத்து அப்பியது. அதனாற்றான் மேனி சொரசொரவென்றிருக்கிறது. வெண்கலத்திற்குப் பொருள் வேண்டும். வெயிலையும் மழையையும் தாங்கவும் வேண்டும். சிக்கனத்தால் வந்த முடிவென்று இதனைச் சொல்லிவிடலாம். எனக்கோ அவ்வளவோடு நிற்க மனமில்லை. அம்மக்கள் மிதித்து நடக்கும் செம்மண்ணே அவர்களுக்கு உடலாகி நிற்கிறது அன்றோ!

என் உள்ளம் பற்றிய இடம் காவடி. காவடி சுமந்தவர் அறிவர்: இரு புறமும் எடை ஒத்திராவிட்டால் தண்டு தோளில் நில்லாது. ஒரு புறம் குழந்தை என்றால், மறுபுறத்துத் தட்டுமுட்டுச் சாமான்கள் குழந்தையின் எடைதான் இருக்க முடியும். ஒரு குடும்பத்தின் உடைமை ஏறக்குறைய அவ்வளவே! நாற்பதாண்டுக் காலம் பிள்ளைகளிடையே வாழ்ந்தவன் என்பதால் எனக்கு அது முதலில் பட்டது போலும். வேறொருவருக்கு நாய் படலாம். அதுவும் குடும்பத்தில் ஒன்று என்று ஒரு மாணவி எழுதினால் மகிழ்ந்து மதிப்பெண் வழங்குவேன். "துயரமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் வழங்கமாட்டேன். எங்கே துயரம்? தோளிலா, நடையிலா? அந்த நடையில் தளர்ச்சியே இல்லையே என்று நான் எதிர்வினா எழுப்புவேன். பிடிக்கவில்லை என்பதும் விடையே. கரடுமுரடான மேனி பிடிக்கவில்லை என்றால் அதனைச் சுட்டிச் சொல்லட்டும்.

இவரே 1956-இல் அமைத்த 'ஆலை அழைப்பு' என்னும் சிற்பமும் அவ்வளாகத்திலேயே இருக்கிறது. சங்கொலி கேட்டு இரு பெண்கள் ஆலைக்கு விரைகிறார்கள். ஈரச்சேலை காற்றிலே பறக்கிறது. பின்னே ஒரு குழந்தை ஓடி வருகிறது. அங்கே செல்லும் வாய்ப்புடையோர் முதலில் காவடிக் குழந்தையைக் கண்டு, பிறகு இந்தக் குழந்தையிடம் செல்லுங்கள்.