ஆடி முடிந்தபின் காரையாறு

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள் கும்பிட்ட கையோடு திரும்புவதில்லை. தாமிரபரணி ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குகிறார்கள், பொங்கலிடுகிறார்கள், அங்குள்ள தெய்வமான பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கை வைக்கிறார்கள். இது நடப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். காப்பகம் அமைந்தது 1988இல். கோயிலும் வழக்கமும் அதற்கு வெகுகாலம் முந்தியவை. ஆகவே வராதே என்று மக்களைத் தடுப்பது நியாயமாகாது. ஆனால் தங்கும் உரிமை உள்ளவர்களுக்கு அந்த இடத்தைப் பேணும் பங்கும் உண்டு. விழா முடிந்த மறுநாள் ஒருமுறை குப்பை பொறுக்கினால் அந்தப் பங்கு தீர்ந்துவிடாது.

பாறை இடுக்கில் சிக்கிய துணியும் மணலுக்குள் புதைந்த கண்ணாடிச் சில்லும் ஒரே நாளில் கண்ணில் படுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் மணலைப் புரட்டிய பிறகுதான் பல வெளியே வரும். கீழே பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணிகளின் கதையும் இதுதான். மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டிப் புன்னக்காயலில் கடல் சேரும் ஆறு இது. மேலே விட்டது கீழே வராமல் இருக்காது. அதனால் பருவந்தோறும் அதே இடத்துக்குத் திரும்பி வரும் கைகள் வேண்டும். பிரிட்டனில், பெரும்பாலும் ஸ்காட்லாந்து மலைகளில், பூட்டில்லாத பழைய கல்வீடுகள் ஏறத்தாழ நூறு இப்படித்தான் நிற்கின்றன. 1965இல் தொடங்கிய ஒரு தன்னார்வலர் சங்கம் அவற்றைக் கவனிக்கிறது. வீடுகள் பெரும்பாலும் நில உரிமையாளர்களுடையவை. வார இறுதியில் மரமும் தகரமும் சுமந்துபோய்க் கூரை மாற்றுவதும் வடிகால் வெட்டுவதும் அங்கே தங்கிப் பழகிய உறுப்பினர்கள். கூலி கிடையாது. நமக்கும் இது புதிதல்ல. குளத்துக் கரையையும் மடையையும் ஊரே கூடிச் சரிசெய்த குடிமராமத்து தாமிரபரணிப் பாசனத்தில் ஊறிய வழக்கம்.

குடிமராமத்தே கட்டாய வேலையாக மாறியதே என்று கேட்கலாம். உண்மைதான், 1858இல் ஆங்கிலேய அரசு அதற்குச் சட்டமே போட்டது. அதனால்தான் இங்கே நான் சொல்வது விருப்பத்தோடு வருபவர்களைப் பற்றி மட்டும். சுத்தம் செய்வது அரசின் வேலை என்பதும் சரியான வாதமே. தூய்மைப் பணியாளரின் கூலியைத் தன்னார்வலர் பறிக்கக் கூடாது. விழாக்காலக் கழிவை அகற்றும் செலவு நிர்வாகத்துடையது. அந்த ஆட்கள் போன பிறகு மிஞ்சும் பத்து மாத வேலைதான் தங்கியவர்களுக்கு உரியது.

எனக்குக் கனமாகப் படும் மறுப்பு வேறு. புலி நடமாடும் காட்டுக்குள் இன்னும் ஆள்களை அனுப்பலாமா? கூட்டமாக அனுப்பக் கூடாது. இருபது பேர், பகல் நேரம், வனக்காவலர் துணை, கோயில் திடலும் படித்துறையும் மட்டும் என்று எல்லை வைத்தால் ஆடிக் கூட்டத்தோடு ஒப்பிட இந்தத் தொந்தரவு மிகச் சிறியது. ஆள் வருவார்களா என்ற ஐயமும் வேண்டாம். 2011 முதல் தை மாதத்தையொட்டி நெல்லை, தூத்துக்குடிக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணத் தன்னார்வலர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்த ஆடிக்கு வண்டி பேசும் குழுக்கள், குடிலுக்கு இடம் பார்க்கும்போதே கார்த்திகை கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் வனத்துறையிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தங்கிய அதே கரைக்கு அன்றைக்கு மண்வெட்டியோடும் சாக்கோடும் வாருங்கள்.