புஷ்கர் ஏரியில் நாம் விருந்தாளிகள்

புஷ்கர் ஏரிக்குப் போகிறவர்கள் செருப்பைக் கடைசிப் படிவரை கொண்டுபோகக் கூடாது. தண்ணீருக்குப் பல அடி முன்னாலேயே அறிவிப்புப் பலகை நிற்கும். அங்கேயே கழற்றிவிட வேண்டும். கைப்பேசியும் பைக்குள் போய்விட வேண்டும். ஈரச் சேலையோடு கரையேறுகிற பெண்கள் யாரோ ஒருவருடைய அம்மா, பாட்டி. குளிப்பவர்களைப் படமெடுக்க அங்கே தடை இருக்கிறது. மலேசியாவின் குளுவாங்கிலிருந்து எங்கள் குழு புறப்படுமுன் எல்லோரிடமும் நான் கேட்டுக்கொண்டது இந்த இரண்டையும்தான்.

ராஜஸ்தானில் அஜ்மீருக்குப் பக்கத்தில், நாகமலைக்கு அந்தப் புறம் இருக்கிறது புஷ்கர். டில்லியிலிருந்து அஜ்மீர் வரை ரயில், பிறகு மலைவளைவுகளில் பேருந்து. ஏரியைச் சுற்றி 52 படித்துறைகள். வஜ்ரநாபன் என்ற அசுரனைப் பிரம்மா தாமரையால் அடித்துக் கொன்றபோது இதழ் உதிர்ந்த இடத்தில் நீர் ஊறியது என்கிறது தலபுராணம். அந்தக் கரையில் அவர் வேள்வி தொடங்கினார். மனைவி சாவித்திரி வரத் தாமதமாகவே, நல்ல நேரம் தவறக் கூடாதென்று காயத்ரியை மணந்து பக்கத்தில் உட்காரவைத்தார். வந்து பார்த்த சாவித்திரி, இந்த ஊரைத் தவிர வேறெங்கும் உமக்குப் பூசை கிடையாது என்று சபித்துவிட்டு ரத்னகிரிக் குன்றில் போய் அமர்ந்தாள். அவள் கோயில் இன்றும் உச்சியிலிருந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏற முடியாதவர்களுக்குக் கம்பிவட ஊர்தி உண்டு. உலகத்திலேயே ஒரே பிரம்மா கோயில் புஷ்கரில்தான் என்று வழிகாட்டிகள் சொல்வதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். திருச்சிக்குப் பக்கத்துத் திருப்பட்டூரில் பிரம்மாவுக்குத் தனிச் சன்னதி இருக்கிறது, கும்பகோணத்தில் கோயிலே இருக்கிறது.

பாலைவனத்து ஊரில் தென்னாட்டுக் கோபுரத்தைக் கண்டதும் எங்கள் குழுவில் சிலர் கைகூப்பியபடி அப்படியே நின்றுவிட்டார்கள். அது ரங்ஜி கோயில். ஹைதராபாத்து வணிகர் சேட் பூரண்மல் கனேரிவால் 1823இல் கட்டியது. ராமானுஜர் வழி வைணவம் அவ்வளவு தூரம் போய் வேர்விட்டிருக்கிறது.

படித்துறையில் பாண்டா என்கிற புரோகிதர்கள் இருப்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தங்களிடம் வரும் குடும்பங்களின் பெயர்களை நீளமான பேரேடுகளில் எழுதிவைத்திருப்பவர்கள். நான் அமர்ந்த துறையில் ஒரு முதியவர், "எந்த ஊர், எந்தக் குலம்?" என்று கேட்டார். தங்கும் விடுதிப் பையன் எனக்கு மொழிபெயர்த்தான். என் அம்மா மெங்கிபோல் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பதை வீட்டில் யாரும் குறித்துவைக்கவில்லை. "குளுவாங், மலேசியா" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "பரவாயில்லை மாதாஜி, அம்மா பெயரைச் சொல்லுங்கள்" என்றார். அம்மா பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். அதற்குமேல் எனக்கு அந்த ஏரியிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. இதைப் படிப்பவர்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால், பூர்வீக ஊர், தாலுகா, குலதெய்வம் மூன்றையும் இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தீர்த்த யாத்திரைக்குக் கடப்பிதழைவிட அது முக்கியம்.

எல்லாரும் அந்த முதியவரைப் போல இருக்க மாட்டார்கள். சிலர் கையில் பூவைத் திணித்து, மந்திரத்தை ஆரம்பித்துவிட்டு, குடும்பத்தார் நலத்துக்கென்று பெரும் தொகை கேட்பார்கள். தட்சிணை எவ்வளவு என்பதை உட்காருமுன்பே பேசிவிடுங்கள். வேண்டாமென்றால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். கோபப்பட்டுக் குரலை உயர்த்துவது பக்கத்தில் திதி கொடுப்பவருக்குச் செய்யும் அவமரியாதை. அந்த ஊரில் இறைச்சி, முட்டை, மது எதற்கும் இடமில்லை. பைக்குள் ஒளித்துக் கொண்டுபோகிற சாமர்த்தியமும் வேண்டாம்.

ஏரியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தில் குளுவாங்கும் தப்பவில்லை. மழையென்றால் பயம் வருகிற ஊர் நம்முடையது. புஷ்கரின் கதை வேறு. அஜ்மீர் வட்டாரத்தில் ஆண்டு முழுக்கப் பெய்வதே 500 முதல் 600 மில்லிமீட்டர்தான். அந்த மழையை நம்பி வாழ்கிற ஏரி அது. சுற்றியுள்ள குன்றுகளில் மரம் குறைந்ததும் மண்ணும் மணலும் ஓடிவந்து ஏரியைத் தூர்த்தன. ஊர்ச் சாக்கடை கலந்தது, நிலத்தடி நீரை ஆழ்குழாய்கள் உறிஞ்சின. தூர்வாருவதற்காக நீரை வெளியேற்றிய நேரம் பார்த்து மழையும் பொய்க்க, 2009இல் ஏரி வறண்டு கிடந்தது. அந்த ஆண்டு கார்த்திகைப் பௌர்ணமிக்கு வந்தவர்கள் சிறு தொட்டிகளில் நிரப்பிய நீரில் குளித்தார்கள். பிரம்மாவே உண்டாக்கிய தீர்த்தம் என்று நம்பி வந்தவர்களுக்குக் கிடைத்தது ஆழ்குழாய்த் தண்ணீர்!

பக்தியும் இந்தக் கேட்டில் பங்கு வகித்தது. மாலை, எண்ணெய், சாம்பல், மீனுக்கென்று அள்ளி வீசும் பொரி, மாவு உருண்டை எல்லாம் அடியில் தங்கி அழுகும்போது நீரிலுள்ள உயிர்வாயுவைத் தின்றுவிடும். தேங்கி நிற்கிற நீரில் போட்டது போட்ட இடத்திலேயே கிடக்கும். காரியம் முடிந்ததும் வாழையிலையும் பிளாஸ்டிக் பையும் சேர்த்து ஆற்றில் விடுகிற பழக்கம் இங்கே நம்மிடமும் இருக்கிறது. சுங்கை மெங்கிபோல் ஓடுகிற ஆறு, அதனால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

2026இல் கார்த்திகைப் பௌர்ணமி நவம்பர் 24ஆம் தேதி வருகிறது. ஒட்டகச் சந்தையும் அதையொட்டித்தான். கூட்டத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அப்போது போகலாம். அமைதியாகத் திதி கொடுக்க வேண்டியவர்களுக்கு டிசம்பர், ஜனவரி நல்லது. விடியற்குளிர் நம் ஊர்க்காரர்களை நடுக்கிவிடும், கம்பளி கட்டாயம். நீராடும்போது சோப்பு வேண்டாம். ஒரு பூ, ஒரு பிடி எள், ஒரு கை நீர் போதும். மாலை சுற்றிவந்த பையை உங்கள் பையிலேயே வைத்துத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள்.