உங்களுக்குத் தெரியுமா? போர்டுக்கும் உண்டு குளியல்

தெருவில் ஈயம் பூச வருபவர் பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவுவாரே, குப்பென்று வெண்புகை எழுமே, நினைவிருக்கிறதா? உலோகத்தின் மேல் படிந்த களிம்பை நீக்கி, ஈயம் ஒட்ட வழி செய்வது அந்த நவச்சாரம்தான். எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் சால்டரிங் செய்யும்போது அதே வேலையைச் செய்வது ஃப்ளக்ஸ். பாத்திரத்தைக் கழுவித்தான் சமைப்போம். மின்னணுச் சாதனத்தின் சர்க்யூட் போர்டிலும் ஃப்ளக்ஸ் தன் வேலையை முடித்தபின் வேண்டாத விருந்தாளியாகிவிடுகிறது.

★

தாம்பரம் சானடோரியத்தை ஒட்டிய மெப்ஸ் வளாகம் 1984-இல் ஏற்றுமதி மண்டலமாகத் தொடங்கியது. அங்கே எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளும் உண்டு. கடற்கரை நகரமான சென்னையின் காற்று ஆண்டில் பெரும்பகுதி ஈரம் சுமந்தே வீசுகிறது. போர்டு செய்பவர்கள் அஞ்ச வேண்டிய காற்று இது. ஏன் என்கிறீர்களா?

ஃப்ளக்ஸ் மிச்சம், கொஞ்சம் ஈரம், ஓடும் மின்சாரம் மூன்றும் சேர்ந்தால் போதும். நேர்முனை உலோகம் கரைந்து, எதிர்முனையில் படிந்து, பெரணி இலை போலக் கிளைவிட்டு வளரும். இரண்டு கம்பித் தடங்களுக்கு இடையே அது பாலம் போட்டுவிட்டால் ஷார்ட் சர்க்யூட். நீர்த்துளி ஒன்று நின்றாலே சில நிமிடங்களில் இது நடந்துவிடலாம். "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சே" என்று நாம் கையைப் பிசையும் பல பழுதுகளுக்குப் பின்னால் இந்தப் பெரணி இருக்கக்கூடும்.

★

டிசம்பர் கச்சேரியில் வயலின் வித்வான் வில்லில் தேய்க்கும் ரோசினும், சால்டரிங் ஃப்ளக்ஸில் இருக்கும் ரோசினும் ஒன்றே. இரண்டும் பைன் மரப் பிசின். தண்ணீரில் கரையாது. ஆனால் காரம் கலந்த கரைசல் பட்டால் சோப்பாகவே மாறி, நீரோடு போய்விடும். தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்கும் வேதியியலைப் போன்றதுதான்.

★

பற்றவைக்கும் 'ஈயத்தில்' இப்போது பெரும்பாலும் காரீயம் இல்லை. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பா அதற்குத் தடை போட்டபின், உலகமே வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவைக்கு மாறியது. காரீயம் சேர்ந்த பழைய கலவை 183 டிகிரியில் உருகியது. புதியதற்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். கூடுதல் சூட்டில் ஃப்ளக்ஸ் கருகி இறுகுவதால் கழுவுவதும் கடினமாயிற்று.

★

ஒரு காலத்தில் போர்டு கழுவ உலகெங்கும் சிஎஃப்சி-113 என்ற திரவத்தைப் பயன்படுத்தினார்கள். அருமையாகக் கழுவியது, ஓசோன் படலத்தையும் அரித்தது. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் அதற்கு முடிவு கட்டியது. இந்தியா, 2010 என்ற கெடுவுக்கு 17 மாதம் முன்பே, 2008 ஆகஸ்டில் சிஎஃப்சி உற்பத்தியை நிறுத்தியது. நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. மாற்றாக வந்தவற்றில் ஒன்று, ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் கிடைக்கும் லிமோனீன்!

★

கழுவவே தேவையில்லாத 'நோ-கிளீன்' ஃப்ளக்ஸும் உண்டு. இதில் அமிலத்தைப் பிசின் ஓடு மூடிக் காக்கிறது. இந்தப் போர்டில் டூத் பிரஷ்ஷால் ஆல்கஹால் தொட்டு ஒரு மூலையை மட்டும் தேய்ப்பது பெரிய தவறு. ஓடு உடைந்து, உள்ளே அடங்கியிருந்த அமிலம் வெளியே பரவும். வெள்ளைத் திட்டு படர்வதுதான் அதன் அடையாளம். என் கணிப்பில், அரைகுறையாகக் கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவதே மேல்.

★

எந்தத் தண்ணீரில் அலசுவது? புறநகரில் பல வீடுகளின் போர்வெல் நீர் வாளியில் வெள்ளை உப்பு படிய வைக்கும். அது போர்டுக்கு ஆகவே ஆகாது. நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கித் தருகிறார்களே, அந்த நல்ல நீர்கூடப் போதாது. அயனிகளை வடித்த, மின்சாரம் அநேகமாகப் பாயாத நீர் வேண்டும். கழுவிய போர்டில் மிஞ்சலாம் என்று நெடுங்காலம் தொழில்துறை ஏற்ற வரம்பு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.56 மைக்ரோகிராம் உப்பு. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்! இன்றைய நெருக்கமான போர்டுகளுக்கு அந்த ஒற்றை எண் போதாதென்று 2018-இல் தரநிலையையே திருத்தினார்கள்.

★

சால்டரிங் செய்யும்போது எழும் ரோசின் புகை ஆஸ்துமா தரலாம். சானடோரியத்தில் 1928-இல் தொடங்கிய நெஞ்சக மருத்துவமனை இருக்கும் ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மேசைக்குப் புகை உறிஞ்சி வையுங்கள்.

★

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கின. அடுத்த மழையில் உங்கள் போன் நனைந்தால் அரிசியில் புதைக்காதீர்கள். நீர் விட்டுச்செல்லும் உப்பை அரிசி எடுக்காது. சார்ஜ் போடாதீர்கள், உடனே அணைத்து, போர்டைக் கழற்றி முழுவதுமாக ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் கழுவித் தரும் கடைக்குக் கொண்டுபோங்கள்.