இடது காலுக்கு ஓய்வு

பெங்களூர் நகரில் ஓடும் வோல்வோ பேருந்தில் ஏறினால் ஓட்டுநரின் கால்களைக் கவனியுங்கள். வலது கால்தான் வேலை செய்யும். இடது கால் சும்மா இருக்கும். மிதிக்க அங்கே கிளட்ச் இல்லை. ஓட ஓடக் கியரை வண்டியே மாற்றிக்கொள்கிறது. இதற்கு 'ஆட்டோமேட்டிக் கியர்' என்று பெயர். இன்று பல கார்களிலும் இது உண்டு. இடது கால் செயல்படாத பலர் இத்தகைய கார்களை ஓட்டுகிறார்கள்.

சாதாரண வண்டியில் கிளட்ச் எதற்கு? சிக்னலில் சக்கரம் நிற்க வேண்டும். ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே ஓட்டுநர் கிளட்சை மிதித்து இரண்டையும் பிரிக்கிறார். கிளட்ச் இல்லாத வண்டியில் யார் பிரிப்பது?

எண்ணெய்தான்!

இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றதும் மெல்லச் சுழலும். இரண்டாவது நின்றுபோனாலும் முதலாவது ஓடிக்கொண்டே இருக்கும்.

'டார்க் கன்வெர்ட்டர்' என்ற பாகம் இப்படித்தான் வேலை செய்கிறது. பெரிய உளுந்து வடை போன்ற வடிவம். மூடிய இரும்புக் கூடு. உள்ளே காற்றுக்குப் பதில் எண்ணெய் இருக்கும். ஒரு விசிறியை எஞ்சின் சுற்றுகிறது. அது எண்ணெயை வீசி எறிகிறது. எண்ணெய் எதிர் விசிறியில் மோதி அதைச் சுழற்றுகிறது. அந்த விசிறி, கியர் பெட்டி வழியாகச் சக்கரத்தை ஓட்டுகிறது.

நடுவில் சின்ன விசிறி ஒன்றும் உண்டு. கெட்டிக்காரத்தனம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. வண்டி கிளம்பும்போது, மோதித் திரும்பும் எண்ணெய் எதிர்த்திசையில் வரும். விட்டால் முதல் விசிறியைத் தடுக்கும். சின்ன விசிறி அந்த எண்ணெயைத் திருப்பி, முதல் விசிறிக்கு உதவியாக அனுப்புகிறது. அதனால் சுழற்றும் விசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஆள் நிறைந்த பேருந்து மேட்டிலும் திணறாமல் கிளம்புகிறது.

இது காருக்காகப் பிறந்ததல்ல. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1905-இல் கப்பலுக்காக இதைக் கண்டுபிடித்தார்.

எண்ணெய் வழியாக விசை போகும்போது கொஞ்சம் சூடாகி வீணாகும். ஆகவே வண்டி வேகம் எடுத்ததும் இரண்டு விசிறிகளையும் ஒரு பூட்டு இணைத்துவிடும். கியர்களை மாற்றுவதும் எண்ணெயின் அழுத்தமே. எப்போது மாற்றுவது என்பதை இன்றைய வண்டிகளில் சிறு கணினி முடிவு செய்கிறது.

ஒரு விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். கியர் 'டி'யில், அதாவது ஓட்டத்தில், இருக்கிறது. எஞ்சினும் ஓடுகிறது. அப்போது எண்ணெய் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பிரேக்கை விட்டால் போதும். ஆக்சிலேட்டரைத் தொடாமலே கார் நகரும். 'நிற்கிறதே' என்று இறங்கி வாசல் கேட்டைத் திறக்கப் போனால், கார் பின்னாலேயே வரும். முன்னால் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருக்கலாம். இறங்கும் முன் கை பிரேக்கைப் போட வேண்டும். கியரைப் 'பி'யில், அதாவது நிறுத்தத்தில், வைக்க வேண்டும். எஞ்சினையும் அணைக்க வேண்டும்.

பழைய பழக்கமும் காலை வாரிவிடும். இடது கால் கிளட்சைத் தேடி, பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். பின்னால் வருபவர் வந்து மோதுவார். ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் வலது கால் ஒன்றே போதும்.

பேட்டரி தீர்ந்தால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்வது நம் ஊர் வழக்கம். இந்தக் காரில் அது நடக்காது. எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய்ப் பம்பு ஓடும். அழுத்தம் இல்லாமல் கியர் பிடிக்காது. கயிறு கட்டி வெகுதூரம் இழுத்துப் போகவும் கூடாது. எண்ணெய் பாயாமல் கியர் பெட்டி தேய்ந்து கெட்டுவிடும். வேறு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.